கப்பற்கம்பெனி ஆட்டத்தைக் குறித்துக் காஞ்சிபுரத்தார் கொண்ட அபிப்பிராயங்கள்: ஒரு விசாரணை

கடலுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்து, ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே ஓடுகின்ற பாலாற்றைத் தவிர வேறு நீர்வழி அறியாத ஒரு நகரத்தார், பாய்மரம் எந்தக் காற்றுக்கு எப்படித் திரும்பவேண்டும் என்பதைப் பற்றி அபிப்பிராயம் கொள்ள அதிகாரம் உடையவர்தாமா என்னும் சந்தேகத்தை இவ்விசாரணையின் வாயிற்படியிலேயே நிவர்த்தி செய்துவிடுவது முறை. சீனரின் ஹான் வம்ச சரித்திரத்திலே கப்பலேறிச் சென்று அடையும் தேசமாக வருணிக்கப்படும் ஹுவாங்ஜி என்பது காஞ்சியே என்று அறிஞருள் ஒரு சாரார் சொன்னதுண்டு. வேறு சாரார் மறுத்ததும் உண்டு. மறுத்தவருள் எங்கள் ஊர்க்காரர் எவரும் இருந்திருக்கமாட்டார் என்று நான் உறுதியாக நம்புவதால், அம்மறுப்பை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு மேலே செல்கிறேன்.

விசாரணைப் பொருள் யாதெனில், பின்லாந்து தேசத்துக் கோட்கா என்னும் துறைமுகப்பட்டினத்து நைட்ரோ கேம்ஸ் நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்னும் கணினி ஆட்டமாகும். ஆடுகிறவன் 1600-ஆம் ஆண்டிலே ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் தலைவனாக அமர்ந்து, கப்பல் வாங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழைத் துறைகளுக்கு அனுப்பி, பட்டும் தேயிலையும் வாசனைப் பொருளும் ஏற்றிவந்து தாய்நாட்டிலே விற்று, இடையில் எதிர்ப்படும் பகைவர் கப்பலைப் பீரங்கியால் துளைத்து, குறித்த கெடுவுக்குள் குறித்த சரக்கைக் கொண்டுசேர்த்தால் பிழைப்பான். சேர்க்கத் தவறினால் பதவி போய்விடும்.

பிரமாணங்கள் மூன்று. அடுத்த வீட்டுப் பையன் ஆடும்போது அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தது பிரத்யக்ஷம். காலையில் அவன் முகத்தைக் கண்டு கப்பல் மூழ்கியதென்று அறிந்தது அனுமானம். இரவு இரண்டு மணிக்குச் சுவர் வழியாக வந்த பீரங்கியோசை சப்தப் பிரமாணம். இவையன்றிப் பிள்ளையார்பாளையத்துத் தெரு ஒன்றில் திண்ணைதோறும் சென்று ஏழு பேரை விசாரித்தேன். அவருள் ஒருவர் காபி வந்த பிறகு தம் கொள்கையை மாற்றிக்கொண்டமையால் அவரை இருவராகக் கணக்கிட்டிருக்கிறேன்.

ஆட்டத்திற்குள் புகுமுன்னரே எழுகின்ற முதற் பிரச்சினை, எட்டுக் கம்பெனிகளுள் எதனைத் தெரிந்தெடுப்பது என்பது. பிறநாட்டார் இதனைக் கப்பலின் வேகத்தையும் கஜானாவையும் கொண்டு தீர்மானிப்பார்கள் போலும். எங்களவர் தீர்மானிப்பது பஸ் வழியைக் கொண்டு. தரங்கம்பாடிக்குக் கல்லூரிச் சுற்றுலா சென்று, 1620-இல் டென்மார்க்கார் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதிலருகே நின்று படம் எடுத்துக்கொண்டவன் டென்மார்க்கையே எடுக்கிறான். 1674 முதல் பிரெஞ்சுக்காரர் ஊன்றிய புதுச்சேரிக்கு வேறு காரணங்களுக்காகப் போய்வருகிறவர்கள் பிரான்சை எடுக்கிறார்கள். காரணத்தை நான் கேட்கவில்லை. போர்த்துகீசியருக்குச் சாந்தோமும், ஒல்லாந்தருக்குப் பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும், ஆங்கிலேயருக்கு 1639 முதல் சென்னையும் உரியன. சுவீடன்காரர் 1733-இல் பரங்கிப்பேட்டையில் கடை விரித்தபோது, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அபூர்வமான ஒற்றுமையுடன் கூடிச் சென்று அக்கடையைக் கலைத்தார்கள். ஆட்டத்திலே புனித ரோமானியப் பேரரசு என்றொரு கட்சி இருப்பதைக் கண்டு வியாகூலப்பட்ட இளைஞரிடம், அப்பேரரசரின் குடிகளான ஆஸ்டெண்ட் கம்பெனியார் 1720-களில் நம் கோவளத்திலேதான் பண்டசாலை வைத்திருந்தார்கள் என்று நான் எடுத்துரைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் தின்னப் போகும் கோவளமா என்று கேட்டு, அன்றே அவர் ரோமானியரானார். ஸ்பெயினுக்கு மட்டும் இக்கரையில் ஒரு பிடி மணலும் கிடைக்காமையால் அதனை எங்களூரில் எவரும் ஆடுவதில்லை. 1580 முதல் 1640 வரையில் போர்த்துகலின் மகுடம் ஸ்பெயின் அரசர் தலையில் இருந்தபடியால் சாந்தோமில் அவர்களுக்கும் பாத்தியதை உண்டு என்ற என் வாதம் எடுபடவில்லை.

இவ்விடத்தில் ஓர் இடைப்பிறவரல். சதுரங்கப்பட்டினம் என்ற பெயரே இத்தகைய ஆட்டங்களுக்கு அவ்வூர் ஆதிபீடம் என்பதைக் காட்டும் என்று ஒருவர் வியாக்கியானம் செய்தார். சதுரங்கமாவது யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைச் சேனையே என்றும், அந்நான்கில் கப்பல் இல்லையென்றும் நான் ஆட்சேபித்தேன். யானையைக் கப்பலில் ஏற்றினால் போயிற்று என்று அவர் பதில் சொன்னார்.

இனி, தலையாய சித்தாந்த பேதத்திற்கு வருகிறேன். கோயில் யானையின் நெற்றியில் இடவேண்டிய நாமம் வடகலையா தென்கலையா என்ற வழக்கு இன்றும் கதையாகப் பேசப்படும் ஊரில், ஓர் ஆட்டம் வந்து இரண்டு கலையாகப் பிரியாமல் தப்புவது சாத்தியமன்று. வியாபார வழியை ஒருமுறை வகுத்துக் கொடுத்துவிட்டால், பிறகு கப்பல்கள் தாமே சென்று தாமே வாங்கித் தாமே விற்றுத் திரும்பும்படியான வசதி ஆட்டத்திலே உண்டு. பூனை தன் குட்டியைத் தானே வாயால் கவ்விக்கொண்டு போவது போலக் கணினி நம்மைக் கரைசேர்க்கும், நாம் வெறுமனே கிடந்தால் போதும் என்று இவ்வசதியைச் சரணடைந்தவர்கள் மார்ஜார நியாயக்காரர். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்வது போல ஒவ்வொரு மூட்டையையும் நம் கையால் வாங்கினாலன்றி லாபம் சித்திக்காது என்பவர்கள் மர்க்கட நியாயக்காரர். முன்னவர் பின்னவரை நம்பிக்கை அற்றவர் என்கிறார்கள். பின்னவர் முன்னவரைத் தூங்குமூஞ்சிகள் என்கிறார்கள். இவ்விரண்டிலும் அடங்காமல், எப்போதும் இங்கிலாந்தையே எடுத்து, வேண்டுமென்றே அதன் கப்பல்களைப் புயலிலும் பகைவரிடத்திலும் மாட்டிவைத்துத் திவாலாக்கி மகிழும் ஒரு தேசபக்தரும் இருக்கிறார். அவருக்குச் சீடர்கள் இல்லை.

பிறநாட்டு ஆட்டக்காரருள் கடற்போரின் அழகை மெச்சியவர்களே, வியாபாரப் பகுதி செக்கைச் சுற்றும் மாடு போல அலுப்பூட்டுகிறது என்று குறை கூறியதுண்டு. இக்குறை எங்களூரில் எவர் வாயிலும் வரவில்லை. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான தடவை தறியில் நாடா ஓட்டுகின்ற குடியிற் பிறந்தவனுக்கு, ஒரே வழியில் நாற்பது முறை கப்பல் விடுவது சலிப்பாகத் தோன்றுமென்று எதிர்பார்ப்பது அவனது பரம்பரையை அறியாதார் செய்யும் பிழை. கோர்வைச் சேலை ஒன்றிலே உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்கு வேறு நாடாக்களும் ஓட, பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க, இருவரும் பேசாமலே மாதக்கணக்கில் வேலை செய்வது உண்டு. அப்படி வளர்ந்தவன் கடற்போர் வந்தால்தான் முகம் சுளிக்கிறான். வேலை கெடுகிறதே என்று.

காஞ்சிபுரத்தார் கூறும் குறைகள் வேறு. ஆட்டம் 1750-இல் முடிந்துவிடுகிறது. கிளைவ், ஆற்காட்டு முற்றுகை ஓய்ந்தபின் காஞ்சிக்கு வந்து, கோயிலையே கோட்டையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிரெஞ்சுக் கட்சிப் படையை வெளியேற்றியது 1751-இன் இறுதியில். ஊர் மேடைக்கு வரும் சமயம் பார்த்துத் திரையை இறக்கிவிட்டார்கள் என்பது பொதுவான மனத்தாங்கல். மேலும், கிளைவ் அளித்ததாகக் கோயில் வழக்கில் வழங்கும் மகரகண்டி என்னும் கழுத்தணி வரதராஜப் பெருமாளுக்கு இன்றும் உண்டு. கம்பெனிக்காரன் சம்பாதித்ததில் பெருமாளுக்கு ஏதேனும் சமர்ப்பிக்க ஆட்டத்திலே வழி இல்லாதது பெருங்குறை என்று சின்னக் காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர் வருந்தினார். பெரிய காஞ்சிபுரத்தார் இக்குறையைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் வேறொன்றைச் சுட்டினார்கள்: 1780 செப்டம்பரில் ஹைதர் அலியும் திப்புவும் புள்ளலூரிலே ஆங்கிலத் தளபதி பெய்லியின் சேனையை அழித்தபோது, காஞ்சியில் பாளையமிறங்கியிருந்த மற்றோர் ஆங்கிலத் தளபதி மன்றோ, கனத்த பீரங்கிகளைக் குளத்திலே தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். பீரங்கியும் தண்ணீரும் சம்பந்தப்பட்டதே கடற்போர் என்னும் இலக்கணம் சரியானால், காஞ்சிபுரத்திலும் ஒரு கடற்போர் நடந்ததென்று கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இவையெல்லாம் ஆடுகிறவர்களுடைய அபிப்பிராயங்கள். ஆடாதவர் ஒருவருடைய அபிப்பிராயமே என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. தறிக்குழியிலிருந்து எழுந்துவந்து, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பேரன் ஆடுவதைச் சிறிதுநேரம் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் கேட்டார்:

“ஏன்டா, இந்தத் துணியெல்லாம் எங்கேருந்து வருது?”

“கிடங்குல இருக்கும் தாத்தா.”

“கிடங்குக்கு?”

“அதுவா வந்து சேரும். நிறைய வாங்கினா விலை ஏறும், கொஞ்ச நாள் விட்டா இறங்கிடும்.”

“அதுவா வர்றதுக்கு என்ன மழையா? முன்பணம் யாருடா குடுத்தா?”

பேரனிடம் பதில் இல்லை. ஆட்டத்தை இயற்றியவரிடமும் இருந்திருக்காது. துபாஷிகளும் வியாபாரிகளும் கம்பெனிப் பணத்தை நெசவாளருக்கு முன்கூட்டியே கொடுத்துத் தறிகளைக் கட்டிப்போட்டதும், 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் நெசவாளரைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் சின்னத் தறிப்பேட்டை என்று பெயர் பெற்று இன்று சிந்தாதிரிப்பேட்டையாக நிற்பதும், கப்பலை மட்டும் பார்த்தவர்களுடைய கண்ணில் படாதவை. ஆங்கிலக் கம்பெனியார் 1613-இல் பண்டசாலை திறந்த அதே சூரத்திலிருந்து இன்றைக்கும் எங்களூருக்குச் சரிகை வருகிறது, லாரியில் வருகிறது, அதற்கும் முன்பணம் உண்டு.

பேரன் எழுந்து இடம் கொடுக்க, முதியவர் உட்கார்ந்தார். ஆட்டத்தின் நாட்காட்டியில் அப்போது அக்டோபர். எல்லாக் கப்பல்களையும் துறையிலேயே நிறுத்தச் சொன்னார்.

“தாத்தா, கெடு முடியப்போகுது. சரக்கு போய்ச் சேரலேன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவான்.”

“ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே தெருவுல பாவு போட முடியாது. பாவு இல்லாம துணி ஏது? தையில அனுப்பறோம்னு அந்த லண்டன்காரனுக்கு ஒரு காகிதம் போடு.”

பேரன் திரை முழுதும் தேடினான்; அதற்குரிய பொத்தான் எங்கும் இல்லை. கெடு முடிந்தது, பதவியும் போயிற்று. முதியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்குழிக்குத் திரும்பினார். ஒன்றும் செய்யாமல் கிடந்தபடியால் அவர் தங்கள் பக்ஷத்தவரே என்று மார்ஜார நியாயக்காரரும், தம் தீர்மானத்தால் எட்டுக் கப்பலையும் இறுகப் பற்றி நிறுத்தினமையால் தங்கள் பக்ஷத்தவரே என்று மர்க்கட நியாயக்காரரும் உரிமை கொண்டாட, வழக்கு இன்னும் திண்ணையில் நடந்துகொண்டிருக்கிறது.