சத்துமல்ல, அசத்துமல்ல: பழைய மரவறுவை இயந்திரம் பற்றி ஓர் ஆராய்ச்சி

உலகத்து வஸ்துக்களை உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டாக வகுத்துப் போதிக்கும் பாடபுத்தகங்கள், பெட்ரோலில் ஓடும் பழைய மரவறுவை இயந்திரத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள் எழுதியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முற்றிலும் செத்துப்போனதாக இருந்தால் அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்; முற்றிலும் பிழைத்திருந்தால் கொல்லையில் சாய்ந்து கிடக்கும் வேப்பங்கிளையை அறுத்து அடுக்கலாம். இரண்டுமில்லாமல், செவ்வாய்க்கிழமை உறுமி, புதன்கிழமை மௌனம் சாதித்து, வெள்ளிக்கிழமை ஊரார் பார்த்திருக்கையில் மட்டும் ஒரே இழுப்பில் எழுந்து நிற்கும் ஒரு பொருளை எந்த வகுப்பில் சேர்ப்பது? அத்வைத வேதாந்திகள் கயிற்றில் தோன்றும் பாம்பை உள்ளதென்று சொல்லவும் முடியாமல், இல்லையென்று தள்ளவும் முடியாமல், அநிர்வசனீயம் என்று அதற்கொரு பெயர் சூட்டினார்கள். நம்முடைய இயந்திரமும் தன் இருப்பையும் இன்மையையும் ஒரு கயிற்றின் மூலமாகவே காட்டுகிறபடியால், அந்தப் பெயருக்கு அதுவும் பாத்தியதை உடையதே என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு.

இதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால், இது பிறந்தது காட்டில் அன்று, வைத்தியசாலையில் என்பது தெரியவரும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர் இருவர், சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பின் மூட்டைப் பிரிப்பதற்கும், நோயுற்ற எலும்பை அகற்றுவதற்கும், பற்கள் வைத்த சிறு சங்கிலியொன்றைக் கையால் இழுத்து உபயோகித்தார்கள். 1830இல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரத்துப் பெர்ன்ஹார்ட் ஹைனே, பிடியைச் சுழற்றினால் ஒரு பட்டையைச் சுற்றிச் சங்கிலி ஓடும்படியான எலும்பறுவைக் கருவியைச் செய்தார். எலும்பிலிருந்து மரத்துக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. 1926இல் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் மின்சாரத்தில் ஓடுவதையும், 1929இல் பெட்ரோலில் ஓடுவதையும் உருவாக்கினார். பின்னர் அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்து ஜோசப் காக்ஸ் என்பவர், கட்டையொன்றை வண்டுப்புழு இடமும் வலமுமாகக் குடைந்துகொண்டு போவதைக் கூர்ந்து பார்த்து, அதன் தாடையை அனுசரித்துப் புதுவிதமான பற்களைச் செய்து, 1947இல் அந்தச் சங்கிலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய சங்கிலிகளெல்லாம் அந்தப் புழுவின் வம்சமே. புழுவுக்குக் கார்புரேட்டர் கிடையாது என்பதை மட்டும் அவர் ஏனோ கவனியாமல் விட்டுவிட்டார்.

எங்கள் டெல்டாப் பிரதேசத்தில் இந்த இயந்திரம் வீட்டுச் சாமான்களில் ஒன்றானது கஜா புயலுக்குப் பிறகுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய அந்தக் காற்று இலட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்திவிட்டுப் போன சமயத்தில், கோடாலி பிடிக்க ஆள் கிடைக்காத குடும்பஸ்தர்கள் புதியதும் பழையதுமாகக் கிடைத்த மெஷினை வாங்கினார்கள். விழுந்த மரங்கள் தீர்ந்தன; மெஷின்கள் தீரவில்லை. அவை கொட்டகை மூலையில், சாக்கு போர்த்து, அடுத்த புயலை எதிர்நோக்கி அமர்ந்திருக்கின்றன.

அமர்ந்திருப்பதுதான் அவற்றைக் கெடுக்கிறது. இரண்டு வீச்சு எஞ்சினாகையால், பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்தே இதற்கு ஊட்டவேண்டும். புதிய இயந்திரத்துக்கு ஐம்பதுக்கு ஒன்று, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பழையவற்றில் பலவற்றுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று, லிட்டருக்கு 40 மில்லி. நடைமுறையிலோ இந்தக் கணிதமெல்லாம் டூ-டி ஆயில் டப்பாவின் மூடியாலேயே நிர்ணயிக்கப்படுகிறது. அது எந்த டப்பாவின் மூடி என்பதில் வீட்டுக்கு வீடு அபிப்பிராய பேதம் உண்டு. இத்துடன் இப்போது ஒரு புதிய சங்கடம் சேர்ந்திருக்கிறது. 2022இல் நூற்றுக்குப் பத்தாகவும், 2025இல் நூற்றுக்கு இருபதாகவும் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்பட்டுவிட்டது. எத்தனால் என்பது சாக்ஷாத் சாராயமே. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் கொண்டுவந்த மதுவிலக்கை இன்றளவும் மனப்பூர்வமாக அனுஷ்டித்து வருவது, என் அனுபவத்தில், பழைய மரவறுவை இயந்திரம் ஒன்றுதான். சாராயம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் தலையோ அதே அடியில்தான் கிடக்கும். எண்ணெய் மேலேயே நின்றுவிடுவதால், அடியில் உள்ளதைக் குடிக்கும் எஞ்சினுக்கு வழுவழுப்பும் இல்லை, வெறி மட்டுமே மிச்சம். ரப்பர்க் குழாயும் நாளடைவில் ஊறி நைந்துபோகிறது.

இனி நோயறியும் முறைக்கு வருவோம். நியாய சாஸ்திரம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களை ஒப்புக்கொள்கிறது. நான்கும் இந்த இயந்திரத்தின் முன்னால் தோற்றுப்போகின்றன.

பிரத்தியட்சம் என்பது ப்ளக்கைக் கழற்றி, எஞ்சின் உடம்பில் ஒட்டவைத்து, நிழலில் நின்று கயிற்றை இழுத்துப் பார்ப்பது. நீலப் பொறி பளிச்சென்று தெரியும். ஆனால் திறந்த வெளியில் பாயும் பொறி, உள்ளே நெருக்குண்ட காற்றில் பாயவேண்டும் என்ற நியதி கிடையாது. அங்கே அதற்கு இன்னும் அதிக மின்னழுத்தம் வேண்டும். தவிரவும், சில காயில்கள் குளிர்ந்திருக்கையில் சாதுவாகப் பொறி கொடுத்து, சூடேறியதும் வேலைநிறுத்தம் செய்து, நாம் காப்பி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆறி, மறுபடியும் சாதுவாகிவிடும் சுபாவமுள்ளவை. கண்ணால் கண்டது இப்படியாகப் பொய்யாயிற்று.

அனுமானத்துக்குத் தார்க்கிகர்கள் சொல்லும் உதாரணம் மலைமேல் புகை; புகையைக் கண்டால் நெருப்பு உண்டென்று கொள்க என்பார்கள். அதே சமயத்தில், நெருப்பைக் கண்டு புகையை அனுமானிக்கலாகாது, அதற்கு ஈர விறகின் சேர்க்கை வேண்டும் என்றும் எச்சரிப்பார்கள். சோக்கைப் போட்டதை மறந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் ப்ளக் நனைந்து போகிறதல்லவா? அங்கே ஈரம் பூரணமாக இருக்கிறது, நெருப்பும் இல்லை, புகையும் இல்லை, முழங்கையில் வலி மாத்திரம் உண்டு. இந்த நிலையை எந்தத் தர்க்க நூலும் முன்கூட்டி ஆலோசித்ததாகத் தெரியவில்லை.

உபமானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பக்கத்து வீட்டு மெஷின் ஓடுகிறது என்பது நம்முடையதைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை, வயிற்றெரிச்சலை வளர்ப்பதோடு சரி. சப்தப் பிரமாணமாவது ஆப்தருடைய வாக்கு. நம் விஷயத்தில் ஆப்தர் கடைத்தெரு மெக்கானிக். அவர் பத்து நிமிஷம் மெஷினை நோட்டம் பார்த்துவிட்டு, "கரண்டும் வருது சார், பெட்ரோலும் வருது. ஸ்டார்ட்தான் ஆவல" என்றார். உபநிஷத்துக்களிலேயே இதைவிடச் சுருக்கமான வாக்கியங்கள் சிலவே இருக்கும்.

பெரும்பாலான சமயங்களில் குற்றவாளி கார்புரேட்டரின் உள்ளே ஒளிந்திருக்கும். மூடியின் நாலு திருகாணிகளைக் கழற்றினால், கருநிறமாக மெல்லிய தகடுபோன்ற ரப்பர்ச் சவ்வு ஒன்று தென்படும். எஞ்சினின் மூச்சுக்கேற்ப அது உள்ளும் புறமும் அசைந்து, ஒரு சிறு நெம்புகோலைத் தட்டி, ஊசியைத் திறந்து பெட்ரோலை விடவேண்டும். புதிதாக இருக்கையில் விரல் பட்டாலே துவளும். பழையதோ வாடி உலர்ந்த வெற்றிலைபோல் விறைத்து, வளைத்தால் மெல்லக் கரகரக்கும். இந்தச் சவ்வு ஒன்று விறைத்துப்போனதற்காக ப்ளக்கை மாற்றியவர்கள், காயிலை மாற்றியவர்கள், பாகங்களுக்காகவென்று அதே ஜாதியில் இன்னொரு பழைய மெஷினை வாங்கி, ஓடாத இரண்டுக்கு அதிபதியானவர்கள் எல்லோரும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சங்கிலியைச் சாணை பிடிப்பதும் லேசான காரியமன்று. சங்கிலிக்குத் தக்கபடி 4 மில்லிமீட்டரோ 4.8 மில்லிமீட்டரோ கனமுள்ள உருண்டை அரத்தால், ஒவ்வொரு பல்லையும் சுமார் முப்பது டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டும் தள்ளி ராவவேண்டும். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக இருப்பதால், ஒரு பக்கத்துப் பற்கள் வலக்கைக்காரனுக்கு வாகாக அமைகின்றன. மறுபக்கத்தவை அவன் உடம்பைக் கோணிக்கொண்டு ராவுவதால் அரைகுறையாகின்றன. விளைவு, கட்டையை நேராக அறுக்கத் தொடங்கிய மெஷின் பாதியில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பிறைச்சந்திரன்போல் வளைந்து வெளியே வருகிறது. தென்னையிலும் பனையிலும் வைரம் ஓரத்தில்தான் என்பதால் முதல் ஸ்பரிசத்திலேயே கூர்மை பாதி போய்விடும். மீதி, அடிமரத்தில் என்றோ அறைந்து மறந்த ஆணியில் போகும்.

இவ்வளவையும் மீறி மெஷின் எப்போதாவது ஓடத்தான் செய்கிறது. உண்மையான அபாயம் அப்போதுதான் ஆரம்பமாகிறது. வேப்பங்கிளை சில நிமிஷங்களில் துண்டாகிவிடும். ஆனால் நிறுத்தினால் மறுபடி எழுமோ எழாதோ என்ற பயத்தால் உடையவர் அதை அணைக்கத் துணிவதில்லை. "ஏங்க, போதும், நிறுத்துங்க!" என்று கொல்லைப்புறக் கதவருகில் நின்று வீட்டு அம்மாள் கூவுவது அந்த இரைச்சலில் அவர் காதில் விழுவதுமில்லை. உறுமும் மெஷினைக் கையில் ஏந்தியபடி, அடுத்து எதை அறுக்கலாமென்று சுற்றுமுற்றும் பார்த்து, அறுக்க அவசியமே இல்லாத முருங்கையையும், அந்த வருஷம்தான் காய்க்கத் தொடங்கிய கொய்யாவையும், கடைசியில் துணி காயப்போடும் கொடிக்காலையும் சாய்த்துவிட்டுத்தான் ஓய்கிறார். ஆகையால், எங்கள் தெருவில் எந்தெந்த வீட்டில் பழைய மெஷின் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. கொய்யாமரம் இல்லாத கொல்லைகளைக் குறித்துக்கொண்டு போனாலே போதும்.