ரன்னிங் பேக் லட்சண நிர்ணயம்

விஷயப் பிரவேசம்

யானையின் லட்சணங்களை வகுக்கக் கஜ சாஸ்திரமும், குதிரையின் சுழிகளை ஆராய அசுவ சாஸ்திரமும், மாணிக்கத்தின் குற்றங்களைக் காண ரத்ன பரீட்சையும் இயற்றிய நம் முன்னோர், தோற்பந்து ஒன்றை விலாவோடு அணைத்துக்கொண்டு, தன்னை வீழ்த்தக் காத்திருக்கும் பதினொருவர் நடுவே புகுந்து ஓடும் மனிதனின் லட்சணத்தைப் பற்றி ஒரு சூத்திரமும் எழுதாமற்போனது அவர்களுடைய குறையன்று. அப்படிப்பட்ட மனிதனை விலைக்கு வாங்காமல், சம்பளம் கொடுக்காமல், முகத்தை நேரிற்கூடப் பாராமல், அவனுக்கு எஜமானனாக விளங்கும் உபாயம் 1962-ஆம் ஆண்டு வரையில் உலகில் தோன்றியிருக்கவில்லை. அவ்வாண்டில், ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கன்பாக் என்பவர், நியூயார்க் நகரத்து ஹோட்டல் ஒன்றில் நண்பர்கள் சிலரோடு கூடி அமர்ந்து அதற்கான விதிகளை வகுத்தார். மறு ஆண்டில் ஓக்லாந்தில் தம் வீட்டிலேயே எட்டு அணிகளைக் கூட்டி முதல் டிராஃப்டையும் நடத்தினார். ஃபேன்டஸி ஃபுட்பால் என்று வழங்கும் அந்த விநோதமே இக்கட்டுரைக்கு நிலைக்களன்.

அறியாதார் பொருட்டு அதன் விதிகளைச் சுருங்கச் சொல்லுவோம். அமெரிக்கக் கால்பந்தில் மெய்யாக ஆடும் வீரர்களை, ஆடாதவர்களாகிய எஜமானர்கள், பெரும்பாலும் பத்து அல்லது பன்னிரண்டு பேர் கொண்ட சங்கமாகக் கூடி, முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; டிராஃப்ட் என்பது இதுவே. ஒவ்வொரு வாரமும் அவ்வீரர்கள் மைதானத்தில் செய்வதற்கு ஏற்ப எஜமானர்களுக்குப் புள்ளி சேருகிறது. ஓடிய பத்துக் கெஜத்துக்கு ஒரு புள்ளி, பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு ஆறு, எறிந்த பந்தைப் பிடித்தால் சில சங்கங்களில் ஒன்று, சிலவற்றில் அரை, பழமை பேணும் சிலவற்றில் ஒன்றுமில்லை, பந்தை நழுவவிட்டு எதிரியிடம் பறிகொடுத்தால் இரண்டு நஷ்டம். முதற் சுற்றில் கடைசியாக நின்றவருக்கு இரண்டாம் சுற்றில் முதலிடம் என்று வரிசை மடங்கி வருவதால், பன்னிருவர் சங்கத்தில் முதல் வீரரைக் கொண்டவர் அடுத்தபடி 24, 25 ஆகிய இடங்களில்தான் வாய் திறக்க முடியும்.

இதில், பந்தைச் சுமந்து ஓடுபவனாகிய ரன்னிங் பேக்கின் தேர்வு மட்டும் ஏன் தனி ஆராய்ச்சி கோருகிறது எனின், பஞ்சமே காரணம் என்க. மெய்யான அணிகள் 32. அவற்றுள் பந்தைச் சுமக்கும் பொறுப்பை முழுவதும் ஒருவனிடமே ஒப்படைப்பன சில. ஏனையவை இருவர், மூவர் என்று கூறுபோட்டுக் கொடுத்து எஜமானர்களின் வயிற்றெரிச்சலைக் கட்டிக்கொள்வன. பன்னிரு எஜமானர்களும் ஆளுக்கு இருவரைக் களமிறக்க வேண்டும் என்பது விதியாகையால், சிறியதொரு குளத்தைச் சுற்றிப் பெரிய கூட்டம் நிற்கிறது.

இந்த சாஸ்திரத்தின் பிறப்பிலேயே ஒரு விபரீதம் நேர்ந்ததையும் குறிக்க வேண்டும். 1963-ஆம் ஆண்டின் அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பந்தை எறிபவரும் உதைப்பவருமான ஜார்ஜ் பிளாண்டா. கிளீவ்லாந்தின் ரன்னிங் பேக் ஜிம் பிரவுன் அவ்வாண்டில் 1,863 கெஜம் ஓடித் தம் பழைய சாதனையைத் தாமே முறியடித்தார். பிறந்த அன்றே தடுமாறிய சாஸ்திரத்துக்குப் பிற்காலத்தில் பண்டிதர்கள் பெருகியதில் ஆச்சரியமில்லை.

பிரத்தியட்ச விசாரம்

தர்க்க நூலார் அறிவு பெறும் வாயில்களாகக் கூறும் பிரமாணங்களுள் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் என்னும் மூன்றையும் இத்துறை எஜமானர்கள் நூல் கற்காமலே கையாண்டு வருகிறார்கள். அவற்றுள் முதலாவதான பிரத்தியட்சத்துக்கு க்ஷேத்திரம் இண்டியானாபொலிஸ் நகரம். ஆண்டுதோறும் கல்லூரி வீரர்கள் அங்கே கூட்டப்பட்டு, எடை நிறுக்கப்பட்டு, கை நீளம் அளக்கப்பட்டு, எதிர்ப்பவர் ஒருவருமில்லாத வெளியில் 40 கெஜம் ஓடவிடப்படுகிறார்கள். 2008-இல் கிறிஸ் ஜான்சன் என்பவர் அத்தூரத்தை 4.24 விநாடியில் கடந்தார். அடுத்த ஆண்டில் டென்னஸி அணிக்காக 2,006 கெஜம் ஓடினார். கண்டதே மெய் என்னும் கட்சியார் இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை என்பர்.

ஆயினும் 1990-இல், உருவம் போதாது, வேகமும் போதாது என்று பலரும் முகம் சுளித்ததன் பயனாக, மெய்யான அணிகள் கல்லூரி வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்டில் பதினேழாவது இடம் வரையில் விடப்பட்ட எம்மிட் ஸ்மித் என்பவர், தம் ஆயுளாட்டத்தில் 18,355 கெஜம் ஓடி, இன்றளவும் எவரும் எட்டாத உயரத்தில் நிற்கிறார். ஆளில்லாத வெளியில் ஓடும் வேகமும், ஆட்கள் மேலே விழும் நெருக்கத்தில் சந்து கண்டு நுழையும் சாதுரியமும் ஒன்றல்ல என்பதைக் கடிகாரம் அறியாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மனிதன் எவ்வளவு ஓடினான் என்பது வேறு. எங்கே ஓடினான் என்பது வேறு. 2004-ஆம் ஆண்டு பருவத்தின் முதல் வாரத்தில், ரைடர்ஸ் அணிக்கு எதிராகப் பிட்ஸ்பர்க்கின் ஜெரோம் பெட்டிஸ் ஐந்து முறை பந்தைச் சுமந்து, மொத்தமாக ஒரே ஒரு கெஜம் முன்னேறி, மூன்று டச்டவுன் செய்தார். எல்லைக் கோட்டின் வாசற்படி வரையில் பிறர் கொண்டுவந்து சேர்த்த பந்தைப் படி தாண்டிவைத்த அந்தக் கனதேகிக்கு 18.1 புள்ளி, வழியெல்லாம் அடிபட்டுச் சுமந்தவர்களுக்குக் கெஜக்கணக்கில் கிள்ளிக் கொடுத்த சில்லறை. கீதை வியாக்கியானங்களில் ஊறியவர்கள்கூட, கர்மத்துக்கும் பலனுக்கும் இத்தனை தூரம் இருக்கக் கண்டிருக்க மாட்டார்கள். பிரத்தியட்சவாதி தோற்கும்போது, "என் ஆள் நன்றாகத்தான் ஓடினான், பலனை மற்றொருவன் கொண்டுபோனான்" என்று சொல்வது இதனால்தான்.

அனுமான விசாரம்

கண்ணை நம்பாதவர் கணக்கை நம்புவர். இக்கணக்கர்களின் மிகப் பிரசித்தமான சூத்திரம், ஆரோன் ஷாட்ஸ் என்பவர் எடுத்துக்காட்டிய 370-இன் சாபம்: ஒரு பருவத்தில் 370 தடவை அல்லது அதற்கு மேல் பந்தைச் சுமந்தவன் மறு பருவத்தில் காயமுறுவான், அல்லது தேய்வான் என்பது அதன் சாரம். உதாரணங்களுக்குக் குறைவில்லை. 1998-இல் அட்லாண்டாவின் ஜமால் ஆண்டர்சன் 410 தடவை சுமந்தார்; மறு ஆண்டு இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அதே 1998-இல் 392 தடவை சுமந்து 2,008 கெஜம் கண்ட டென்வரின் டெரல் டேவிஸ், மறு ஆண்டில் நான்காவது ஆட்டத்தோடு படுத்தார். 2006-இல் கான்சாஸ் சிட்டியின் லாரி ஜான்சன் 416 தடவை சுமந்து சாதனை படைத்து, 2007-இல் எட்டு ஆட்டங்களோடு நின்றார்.

இதற்கு மாறாக, எரிக் டிக்கர்சன் 1983-இல் 390 தடவை சுமந்தும் சாபத்துக்கு அஞ்சாதவராய், 1984-இல் மறுபடியும் 379 தடவை சுமந்து 2,105 கெஜம் ஓடினார். ஒரு பருவத்துக்கு அதுவே இன்றும் உச்சம். டெரிக் ஹென்றி 2020-இல் 378 தடவை சுமந்து 2,027 கெஜம் ஓடினார், 2021-இல் எட்டாவது ஆட்டத்தில் பாதம் முறிந்தது, சாபவாதிகள் தலையசைத்தனர். ரன்னிங் பேக்குக்கு முதுமை என்று எஜமானர்கள் முடிவுகட்டிய முப்பதாம் வயதில், 2024-இல், அதே ஹென்றி பால்டிமோர் அணிக்காக 1,921 கெஜம் ஓடியபோது, தலையசைத்தவர்கள் தலைகுனிந்தார்களா எனின், இல்லை. இலக்கண நூலார் விதிக்கு அடங்காதவற்றையெல்லாம் புறனடையில் சேர்ப்பதுபோல, அவரையும் புறனடையில் சேர்த்துவிட்டுச் சூத்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

உண்மையில் இச்சூத்திரத்தின் வன்மை சாபத்தில் இல்லை. 370 தடவை சுமப்பதென்பதே, ஒருவன் நோயின்றி, போட்டியாளனின்றி, அணியும் வென்றுகொண்டேயிருக்க, பருவம் முழுவதும் எல்லாம் அனுகூலமாக அமைந்த அபூர்வ நிலை. உச்சியில் நிற்பவன் அடுத்த அடியை எங்கே வைத்தாலும் கீழேதான் வைக்க வேண்டும். இதை அறிய எண்கணிதம் தேவையில்லை. ஆனால் எண்ணோடு சொன்னால் தோல்வியிலும் ஒரு கௌரவம் இருக்கிறது.

சப்த விசாரம்

மூன்றாவது பிரமாணம் ஆப்த வாக்கியம். அதாவது பயிற்சியாளர் திருவாய்மொழி. தர்க்க நூலார் ஆப்தன் என்பவனுக்குச் சொல்லும் முதல் லட்சணம் மெய்யே பேசுதல். பயிற்சியாளரோ எதிரணியிடம் மறைப்பதற்காகவே பேசுபவர். ஆகவே அவர் வாக்கை ஆப்த வாக்கியமாகக் கொள்பவர் அனுபவிப்பது தன்வினை.

இத்துறையில் ஷானஹான் குடும்பத்தின் இரு தலைமுறைத் தொண்டு மறக்கத்தக்கதன்று. தந்தையார் மைக் ஷானஹான் டென்வரில் இருந்தபோது, மெய்யான டிராஃப்டின் ஆறாம் சுற்றில் 196-ஆவதாக எடுத்த டெரல் டேவிஸைச் சிகரத்தில் ஏற்றினார். அவர் வீழ்ந்ததும் 1999-இல் ஒலாண்டிஸ் கேரி 1,159 கெஜம், 2000-இல் மைக் ஆண்டர்சன் 1,487 கெஜம், 2004-இல் ரூபன் டிரௌன்ஸ் 1,240 கெஜம் என்று, யாரை நிறுத்தினாலும் ஆயிரம் கெஜம் விளைந்தது. ஓடுகிறவனைவிட, அவனுக்கு வழி திறந்த தடுப்பு வரிசையே பெரிதென்று அறிஞர் தெளிந்தனர். ஆனால் அவ்வரிசையின் பின்னே வரும் வாரத்தில் யார் நிற்பான் என்பதைத் தெளிந்தவர் ஒருவருமிலர். குமாரர் கைல் ஷானஹான் 2024-இல் ஸான் பிரான்சிஸ்கோவின் பயிற்சியாளர். அவ்வாண்டு டிராஃப்டுகளில் பெரும்பாலும் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், முந்தைய பருவத்தில் 21 டச்டவுன் செய்த அவ்வணியின் கிறிஸ்டியன் மக்காஃப்ரி. முதல் ஆட்டத்தன்று அவர் களமிறங்கவில்லை. மெய்யான அணிகளின் டிராஃப்டில் ஒருவரும் சீந்தாத ஜோர்டன் மேசன் அவரிடத்தில் 147 கெஜம் ஓடினார். மக்காஃப்ரி அப்பருவம் முழுவதிலும் ஆடியது நான்கே ஆட்டங்கள்.

பில் பெலிசிக் பயிற்றுவித்த நியூ இங்கிலாந்து அணியிலோ சோதனை வேறு விதமாக இருந்தது. 2014 நவம்பரில் இண்டியானாபொலிஸ் அணிக்கு எதிராக ஜோனஸ் கிரே என்னும் அறிமுகமில்லாத வீரர் 37 தடவை சுமந்து, 201 கெஜம் ஓடி, நான்கு டச்டவுன் செய்தார். தேசமெங்கும் எஜமானர்கள் அவரைப் பாய்ந்து பிடித்தனர். அவ்வார வெள்ளிக்கிழமை அவர் அயர்ந்து தூங்கிப் பயிற்சிக்குத் தாமதமாக வந்தார். அடுத்த ஆட்டத்தில் ஒரு கணமும் களமிறக்கப்படவில்லை. 40 கெஜ வேகத்தையும், எடையையும், வயதையும் ஆராய்ந்த பண்டிதர்கள், காலையில் எழும் வழக்கத்தை லட்சணங்களுள் சேர்க்காதது இத்துறையின் பெருங்குறை என்று யாம் கருதுகிறோம்.

பூர்வபட்சமும் சமாதானமும்

மூன்று பிரமாணங்களும் இங்ஙனம் தள்ளாடுதலைக் கண்டு, 2013-இல் ஷான் சீகல் என்பவர் ஒரு புதிய மதத்தை ஸ்தாபித்தார். ரன்னிங் பேக் உடையும் தன்மையன். ஆகவே முதற்சுற்றுகளில் அவனை எடுக்கவே வேண்டா, அவனுக்குரிய இடம் சூனியமாகவே இருக்கட்டும். பந்து பிடிப்போரை நிரப்பிக்கொண்டு, பிறருடைய விலையுயர்ந்த ரன்னிங் பேக்குகள் நொடித்துப் படுக்கும் நாளில் எழுந்து வரக்கூடிய துணை ஆட்களை மலிவாகச் சேர்த்துவைக்க என்பது இச்சூனியவாதிகளின் உபதேசம். 2018-இல் பிட்ஸ்பர்க்கின் லெவியோன் பெல், ஒப்பந்தப் பூசலால் பருவம் முழுவதும் ஆட மறுத்து, அவரை முதற்சுற்றில் எடுத்தவர்களை வெறுங்கையோடு நிறுத்தியபோது, அவரிடத்தில் ஜேம்ஸ் கானர் 973 கெஜமும் 12 டச்டவுனும் ஓடித் தந்தது இம்மதத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பிறர் வீழ்ச்சியை எதிர்பார்த்துச் செய்யும் விரதம் பலிக்க, பிறர் வீழ வேண்டும். வீழாத ஆண்டில் சூனியவாதிக்குக் கிடைப்பது சூனியமே.

இவை அனைத்துக்கும் மேலாகத் தர்மசங்கடம் ஒன்று உண்டு. 2007 டிசம்பரில் டல்லாஸுக்கு எதிராக, பிலடெல்பியாவின் பிரையன் வெஸ்ட்புரூக், தடுப்பாரின்றி எல்லைக் கோட்டை நெருங்கி, ஒரு கெஜம் இருக்கையில் வேண்டுமென்றே தரையில் அமர்ந்தார். பந்து தம் அணியிடமே இருந்து, கடிகாரம் ஓடி முடிந்து, வெற்றி நிச்சயமாயிற்று. 2020 அக்டோபரில் அட்லாண்டாவின் டாட் கர்லி அவ்வண்ணமே அமர முயன்று, வேகம் தாங்காமல் கோட்டுக்குள் விழுந்து டச்டவுன் செய்துவிட்டார்; எஞ்சிய நேரத்தில் டெட்ராய்ட் திரும்பி வந்து 23-க்கு 22 என்று வென்றது. முன்னவர் தம் அணிக்குப் புண்ணியமும் எஜமானர்களுக்கு ஆறு புள்ளி பாவமும் செய்தார். மற்றவர் நேர்மாறாகச் செய்தார். ஒருவனுடைய விவேகமே அவனுக்குக் குற்றமாகவும், தடுமாற்றமே குணமாகவும் எண்ணப்படும் தராசில், அவனை நிறுப்பதற்கு எந்தப் படிக்கல்லைத் தேடுவது?

நிகமனம்

ஆகவே யாம் கொள்ளும் சித்தாந்தம் இது. ரன்னிங் பேக்கை ஆராய்வதன் பயன் சரியானவனைத் தேர்வதன்று. தோற்றபின் சொல்வதற்குத் தகுதியான காரணம் ஒன்றை முன்கூட்டியே சம்பாதித்துவைப்பதே. கண்ணை நம்பினவர் விதியை நோவார்; கணக்கை நம்பினவர் புறனடையை நோவார்; வாக்கை நம்பினவர் பயிற்சியாளரை நோவார்; சூனியவாதி, பிறர் நன்றாக இருப்பதையே நோவார். எனவே டிராஃப்டுக்கு உட்காரும் எஜமானன் முதலில் ஆராய வேண்டியது, நான்கு மாத காலம், வாரந்தோறும், நண்பர்கள் நடுவில், எந்தக் காரணத்தைச் சொல்லத் தனக்குக் கூச்சம் குறைவு என்பதையே. வீரனை அதற்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம்.

இவ்வகையில் உத்தம அதிகாரி யார் எனின், டிராஃப்ட் நடக்கும் வேளையை மறந்து வராமலே இருந்துவிட்டவன். குறித்த விநாடிகள் கழிந்ததும், அவனுக்காக யந்திரமே பட்டியலின் மேலிருந்து வரிசையாக ஆட்களை எடுத்துவைக்கிறது. வென்றால் கோப்பை அவனுடையது, தோற்றாலோ, எத்தனை ஆண்டு ஆராய்ந்த பண்டிதனுக்கும் கிட்டாத ஒரு காரணம் அவனிடம் இருக்கிறது: "நானா தேர்ந்தெடுத்தேன்?"