ஒரு பூஞ்சை, இரண்டு ரேஷன் கார்டு

1794-இல் பெர்சூன் என்ற தாவரவியலாளர் மட்கிய கட்டையில் பச்சைப் பொடியாகப் படர்ந்திருந்த ஒன்றை உற்றுப் பார்த்தார். ரோமத்தோலுக்குள் மாவு அடைத்த குட்டிப் பந்துக் காளான் என்று அவருக்குத் தோன்றியது. ‘டிரைக்கோடெர்மா விரிடி’ என்று பெயர் வைத்தார்: ரோமத்தோல், பச்சை. உண்மையில் தோலும் இல்லை, பந்தும் இல்லை. கிளைவிட்ட நூல்கள், நுனியில் கொத்துக்கொத்தாக வித்துகள், அவ்வளவுதான். ஆனால் ஊரில் கருப்பாயியே சிவப்பாக இருக்கும்போது பூஞ்சையிடம் என்ன நியாயம் கேட்பது?

1796-இல் அதே மனிதர், மரத்தில் செம்பழுப்பாக உப்பியிருந்த சின்னத் திண்டுகளைக் கண்டு ‘ஸ்பேரியா ரூஃபா’ என்றார். பின்னாளில் ஃப்ரீஸ் என்ற பூஞ்சை ஆய்வாளர் அதை ‘ஹைப்போக்ரியா’ வீட்டுக்குத் தத்துக் கொடுத்தார். பச்சை, பூஞ்சையின் அன்றாட லுங்கி. செம்பழுப்பு, அதன் கல்யாணப் பட்டு. இரண்டும் ஒரே ஆள் என்பது பெயர் வைத்தவருக்கே தெரியாது!

குட்டை உடைத்தவர்கள் டுலான் என்ற ஆய்வாளர் சகோதரர்கள். அண்ணன் எழுத, தம்பி வரைய, இரண்டும் ஒன்றுதான் என்று 1860-களில் சொல்லிவிட்டார்கள். உடனே ஒரு கார்டை ரத்து செய்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? 1910-இல் பிரஸ்ஸல்ஸில் தாவரவியல் மாநாட்டுக்குக் கூடிய பெரியவர்கள், இப்படிப்பட்ட பூஞ்சைகளுக்கு இரண்டு பெயரும் செல்லும் என்று சட்டமே போட்டார்கள். அது முடிவுக்கு வர 2011 மெல்போர்ன் மாநாடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூத்த பெயர் என்பதால் டிரைக்கோடெர்மா ஜெயித்தது.

குடும்பத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு இன்னும் கூத்து. 1939-இல் பிஸ்பி என்ற ஆய்வாளர், இருப்பது ஒரே இனம்தான் என்றார். 1969-இல் இந்தோனேசியாவின் ரிஃபாய், இல்லை, ஒன்பது என்றார். பிறகு டி.என்.ஏ. வந்து கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து முந்நூற்றைம்பதுக்கும் மேல் வெளியே வந்தன. அதில் ‘விரிடி’ என்று பல காலம் உலவிய பலருக்கு 1999-இல் ‘ஆஸ்பெரெல்லம்’ என்று வேறு பெயர் வந்தது. கொஞ்சம் சொரசொரப்பானது என்று அர்த்தம். வித்தின் மேல்தோலை வைத்துச் சொன்னது.

நம்மூர் உரக்கடையில் விற்கும் பல பாக்கெட்டுகளில் இன்னும் ‘விரிடி’தான். விதையை நோயிலிருந்து காக்க, கிலோவுக்கு 4 கிராம் கலக்கச் சொல்வார்கள். உள்ளே இருப்பவர் யார் என்று கடைக்காரரைக் கேட்டேன். “எக்ஸ்பயரி தேதிய மட்டும் பாருங்க சார்” என்றார்.