8080-இல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் அச்சகத்தின் பில் போடும் சர்வர் புரோகிராமை நிறுத்தி உடனே தொடங்கினால், '8080 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்கிறது. கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்வதுதான் வழியா?
– ஒரு வாசகர், திருத்தங்கல்.

பதில்: வேண்டாம், ஒரு கதவு திறக்கவில்லை என்று வீட்டையே இடிப்பார்களா? முதலில், பழைய புரோகிராம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் 'எல்எஸ்ஓஎஃப்' அல்லது 'எஸ்எஸ்' கட்டளை, போர்ட்டைப் பிடித்திருக்கும் புரோகிராமின் பெயரையும் பிராசஸ் எண்ணையும் சொல்லிவிடும். முறையாக நிறுத்துங்கள், எடுத்த எடுப்பிலேயே 'கில் 9' என்று வலுக்கட்டாயமாக நிறுத்த வேண்டாம், பாதி எழுதிய பில் பாழாகும்.

யாரும் இல்லையென்றால் காரணம் 'டைம்-வெயிட்'. இணைப்பை முதலில் முடித்த பக்கம், வழியில் தாமதித்த பழைய பாக்கெட்டுகள் புது இணைப்பில் கலந்துவிடாதபடி சற்றுக் காத்திருக்கும். 1981-இன் டிசிபி விதிப்படி இந்தக் காத்திருப்பு 4 நிமிடம்; லினக்ஸில் 60 விநாடி. காத்திருக்க நேரமில்லையா? புரோகிராமில் 'பைண்ட்' அழைப்புக்கு முன்பே 'எஸ்ஓ_ரீயூஸ்அட்ரஸ்' விருப்பத்தை இயக்குங்கள். லினக்ஸில் இது பாதுகாப்பானது. விண்டோஸில் அதே விருப்பம் வேறொரு புரோகிராம் உங்கள் போர்ட்டில் நுழைய வழிவிடும், அங்கே தவிருங்கள்.