கதவைக் கடிக்கும் கருப்பன்

பெர்லின்

அம்மாயிக்குப் பேரன் எழுதிக்கிறது. போன்ல சொன்னா நீங்க சிரிக்கிற சிரிப்புல பாதி காதுல விழாது. அதான் எழுதறேன். மாமா படிச்சுக் காட்டட்டும்.

நாய்க்குட்டி ஒண்ணு வாங்கியிருக்கேன். டாக்ஸ்ஹண்ட் ஜாதி. வளைக்குள்ள பூந்து வேட்டையாடறதுக்குன்னே இந்த நாட்டுக்காரங்க வளத்தெடுத்தது. அதனால உடம்பு நீளம், காலு குட்டை. பேரு கருப்பன். எட்டு வாரத்துக்கு முன்னாடி தாய்கிட்ட இருந்து குட்டியப் பிரிக்கக் கூடாதுன்னு இங்க சட்டம். நாய்க்கு வரியும் உண்டுங்க. பெர்லின்ல வருஷத்துக்கு 120 யூரோ, ரெண்டாவது நாய்க்கு 180. நம்ம தோட்டத்து மணி இத்தன வருஷமா எவ்வளவு வரி ஏச்சிருக்கான்னு கணக்குப் போட்டுப் பாத்துக்குங்க.

நான் வேலைக்குப் போனதும் கருப்பன் அழறான்னு மேல் வீட்டுப் பாட்டியம்மா கதவுல சீட்டு ஒட்டியிருந்தாங்க. திட்டு இல்லீங்க. எட்டரைக்கு ஆரம்பம், எட்டு அம்பதுக்கு ஊளை, ஒம்பதே காலுக்கு இடைவேளைன்னு திருவிழா நோட்டீஸ் மாதிரி நிகழ்ச்சி நிரல்.

கால்நடை டாக்டரம்மாகிட்டப் போனேன். புதுசா வந்த குட்டி மொத சில ராத்திரி அழறதும், பல்லு மொளைக்கறப்ப செருப்பக் கடிக்கிறதும் சீக்கில்லைன்னாங்க. தனியா இருக்கப் பயப்படற குட்டிய ஆள் இருக்கறப்ப பாத்துக் கண்டுபிடிக்க முடியாதாம். பழைய போன அலமாரி மேல வெச்சு வீடியோ எடுக்கச் சொன்னாங்க.

எடுத்தேன். அம்மாயி, சினிமா தோத்துச்சு போங்க. நான் சாவிய எடுத்ததுமே அவனுக்கு மூச்சு வாங்குது. ஷூ மாட்டினா எச்சி ஒழுகுது. கதவச் சாத்தி அஞ்சு நிமிசம் ஆகல, பிறாண்டறான், ஊளையிடறான், அங்கயும் இங்கயும் நடக்கறான். சோபா, தலகாணி எல்லாம் பத்திரமா இருக்கு, வாசக்கால மட்டும் கடிச்சு வெச்சிருக்கான். பொழுது போகாத குட்டி கெடச்சதக் கடிச்சுட்டுத் தூங்கிருமாம். பயந்த குட்டிதான் ஆள் போன வழியக் கடிக்குமாம். தட்டுல வெச்ச கோழிக்கறி அப்படியே கெடக்குது, நான் வந்த பொறவுதான் தின்னான். காலைல வெளிய கூட்டிப் போயிட்டு வந்தும் தரையெல்லாம் ஈரம், அதுவும் நான் இல்லாதப்ப மட்டும்.

நாலு வெச்சா சரியாயிரும்னு மாமா சொல்லுவாரு. வேண்டாமுங்க. திட்டினா மூஞ்சத் தொங்கப் போடுதே, அது தப்ப உணர்ந்து இல்ல, நம்ம கோவத்தப் பாத்துத்தான். அமெரிக்காவுல அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ்ங்கிறவங்க 2009லயே சோதிச்சு எழுதியிருக்காங்க. குத்தமே செய்யாத நாயத் திட்டினாலும் அதே மூஞ்சிதானாம்.

வைத்தியம் கருப்பனுக்கு, பத்தியம் எனக்கு. சாவிய எடுத்துட்டுப் போகாம உக்காந்துக்கணும். அப்புறம் வெளிய போயி அவன் அழறதுக்குள்ள உள்ள வரணும். நொடியில ஆரம்பிச்சு நிமிசமா நீட்டணும். ஷூவும் பையுமா வாசல்ல நான் போறதும் வர்றதுமா இருக்கறதப் பாத்து, பாட்டியம்மா இப்ப என்னப் பத்தி யாருக்குச் சீட்டு எழுதறாங்களோ. முத்திப்போனா மாத்திரையும் இருக்குதாம். மனுசங்களுக்கு மனச்சோர்வுக்குக் குடுக்கற ஃப்ளூவாக்ஸ்டினையே இந்தப் பயத்துக்கு நாய்க்கும் குடுக்க 2007ல அமெரிக்காவுல அனுமதிச்சாங்க. பயிற்சியோட சேத்துத்தான் குடுக்கணும். கருப்பனுக்கு அதுக்கு வயசு பத்தாது.

நம்ம மணிக்கு இது வர வழியே இல்லீங்க. பட்டில ஆடு, கட்டுத்தரைல மாடு, களத்துல நீங்க, போதாததுக்கு ஒறம்பரை. கதவே பாக்காத நாய்க்குக் கதவு சாத்தற பயம் எங்கிருந்து வரும்?

ஆனா சேலத்துல சின்ன மாமன் பையன் அடுக்குமாடில லாப்ரடார் குட்டி வாங்கி, புருசனும் பொண்டாட்டியும் பூட்டிட்டு வேலைக்குப் போறாங்களே, அது கொழுப்பெடுத்துக் கதவக் கடிக்குதுன்னு போன்ல சொன்னான். அவனையும் மொதல்ல வீடியோ எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் குட்டிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போகட்டும். 1985ல இருந்து இருக்கற காலேஜ், கோழிக்கு மட்டும் இல்லீங்க. அடிக்க வேண்டாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா ஜெர்மனிக்காரன் பேச்சுன்னு சிரிப்பான்.

இப்படிக்கு,
உங்க பேரன்