கர்த்தருக்குக் காத்திருத்தல்: கட்டணம் தனி

அமெரிக்கச் சபைகளில் ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் வந்த ஜெபக்குறிப்பு இது: சீனாவில் இருக்கிற எங்கள் மகளுக்காக, எங்கள் தத்துக் கோப்பு பெய்ஜிங் போய்ச் சேர்ந்துவிட்டது, கர்த்தர் சீக்கிரம் வாசலைத் திறக்கும்படி. சபை மொத்தமும் ஆமென் சொல்லும். பல வேளை அந்த மகள் பிறந்தே இருக்கமாட்டாள். ஹூனானில் எவளோ ஒருத்தியின் வயிற்றில்கூட இன்னும் தங்கியிருக்கமாட்டாள். இருந்தாலும் அவள் யாருடைய பிள்ளை என்பது பரலோகத்தில் தீர்மானமாகி, டெக்சாஸில் அறைக்கு வர்ணம் பூசியாகி, தொட்டிலும் வந்து இறங்கியாயிற்று. பெறப்போகிறவளுக்கு மட்டும் தகவல் போகவில்லை.

பிள்ளையில்லாத வீட்டின் ஏக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. வருஷக்கணக்கில் முழங்காலில் நின்றவர்களின் கண்ணீர் உண்மையானது. ஆனால் அந்தக் கண்ணீரை டாலராக்கத் தெரிந்தவர்கள் இரண்டு நாட்டிலும் இருந்தார்கள். 'விசுவாசம் வையுங்கள்' என்று சொல்லிக்கொடுத்தவர்கள், 'கொஞ்சம் விசாரியுங்கள்' என்று சொல்லிக்கொடுக்கவில்லை. விசாரித்தால் வரிசை கலைந்துவிடும்.

சீனா 1992-ல் வெளிநாட்டுத் தத்துக்குக் கதவைத் திறந்தது. நுழைவதற்கு முறை இருந்தது. முதலில் சமூகசேவகர் வீட்டுக்கு வந்து அடுக்களை முதல் தாம்பத்தியம் வரை அலசி அறிக்கை எழுதுவார். பிறகு கைரேகை, போலீஸ் சான்று, வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று. ஒவ்வொன்றுக்கும் நோட்டரி முத்திரை, அந்த முத்திரை நிஜம்தான் என்பதற்கு மாநில முத்திரை, அதற்கும் மேலே சீனத் தூதரக முத்திரை. கட்டு பெய்ஜிங்கில் பதிவான தேதிதான் வரிசையில் உங்கள் இடம். 2007 மே மாதம் விதிகள் இன்னும் இறுகின: தனியாள் கூடாது, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் கூடாது, உடல் நிறைக் குறியீடு 40-க்குக் கீழே இருக்கவேண்டும், சொத்து 80,000 டாலராவது தேறவேண்டும். வளர்க்கப்போகிறவளின் எடையை இவ்வளவு கரிசனமாக நிறுத்துப் பார்த்த அரசு, பெற்றவளைப் பற்றிக் கோப்பில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது: தெரியவில்லை.

பிள்ளையை வாங்கப் போகும்போது அனாதை இல்லத்துக்கு 3,000 டாலர் நன்கொடை. கட்டாய நன்கொடை, அதுவும் மடிப்புக் கலையாத புது நூறு டாலர் நோட்டுகளாக. விசாவுக்கு குவாங்ஜோ போனால் ஒயிட் ஸ்வான் ஹோட்டலில் தங்கல். அங்கே தத்தெடுத்த குடும்பங்களுக்கென்றே மேட்டல் கம்பெனி ஒரு பார்பி பொம்மை கொடுத்தது. பொன்முடி பார்பியின் கையில் ஒரு சீனக் குழந்தை. கடைகளில் விற்காத பொம்மை, விசுவாசிகளுக்கு மட்டும். அந்தப் பெட்டிக்குள்ளும் பெற்றவளுக்கு இடமில்லை.

2005-ல் மட்டும் அமெரிக்காவுக்கு 7,903 சீனக் குழந்தைகள் போனார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் ஹூனான் மாகாணம் ஹெங்யாங்கில் குட்டு உடைந்தது. அனாதை இல்லங்கள் தரகர்களிடம் குழந்தைகளை விலைக்கு வாங்கியிருந்தன. குழந்தைகள் குவாங்டோங்கிலிருந்து வந்திருந்தன. கொள்முதல் விலை, நன்கொடையில் ஒரு சிறு பங்கு. லாபக் கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. 2006-ல் நீதிமன்றம் தண்டித்தது. அதிகபட்சம் 15 ஆண்டு சிறை.

அதன் பிறகு வரிசை நகரவில்லை. ஓராண்டில் முடிந்துகொண்டிருந்த காத்திருப்பு ஐந்து, ஆறு வருஷம் என்று இழுத்தது. உள்நாட்டிலேயே தத்தெடுப்பவர்கள் பெருகியிருந்தார்கள், கைவிடப்படும் குழந்தைகள் குறைந்திருந்தன. வீதியில் கிடக்கும் பிள்ளைகள் குறைந்தால் எந்த ஊரிலும் கோயில் மணி அடித்துக் கொண்டாடுவார்கள். காத்திருந்த சபைகளிலோ உபவாச ஜெபம்: கர்த்தாவே, இந்தத் தாமதத்தை நீக்கியருளும். தாமதம் நீங்குவதென்றால் அனாதைகள் அதிகமாக வேண்டும். அதை வெளிப்படையாகக் கேட்க ஜெபத்தில் வார்த்தை இல்லை. அதனால் 'வாசல்' என்றார்கள்.

அதே ஹூனானில் லோங்ஹுய் என்றொரு வட்டாரம். ஒரு பிள்ளைச் சட்டம் கோலோச்சிய காலம். சட்டத்தை மீறிப் பெற்றால் 'சமூகப் பராமரிப்புக் கட்டணம்' என்று அபராதம். கட்ட வழியில்லாத குடியானவன் வீட்டில் குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஜப்தி செய்தது ஆட்டையோ அண்டா குண்டாவையோ அல்ல, பிள்ளையை. பிள்ளை ஷாவ்யாங் நகர அனாதை இல்லத்துக்குப் போயிற்று. கோப்பில் 'கைவிடப்பட்டது' என்று ஏறிற்று. 2011-ல் சைஷின் பத்திரிகைச் செய்தியாளர்கள் இதை எழுதிய பிறகு அரசு விசாரித்தது. விற்பனை எதுவும் நடக்கவில்லை என்று கண்டுபிடித்தது. சில அதிகாரிகள்மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுத்துவிட்டுக் கோப்பை மூடியது. அந்தத் தாய்மார்களுக்கும் வேண்டுதல் இருந்தது. அமெரிக்காவில் ஒருத்தி பிள்ளை வந்து சேரவேண்டும் என்று அழுதாள், லோங்ஹுயில் ஒருத்தி பிள்ளை திரும்பி வரவேண்டும் என்று அழுதாள். பிள்ளை ஒன்றே. நன்கொடை கட்டியவளின் ஜெபம் கேட்கப்பட்டது. சபையில் எழுந்து நின்று சாட்சியும் சொன்னாள்.

தத்தெடுப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் மோசே வராமல் இருக்கமாட்டார். சரியான ஆள்தான். கதையை முழுசாகப் படிப்பதில்லை என்பதுதான் குறை. எகிப்தின் அரசன் அடிமைகளின் பிள்ளைக்கணக்குப் பார்த்தான். எபிரெய ஆண் குழந்தைகளை நதியில் போடச் சொன்னான். தாய் கூடையில் வைத்து நாணலுக்குள் விட்டாள், அக்காள் தூர நின்று காவல் இருந்தாள். பார்வோனின் மகள் பார்த்ததுமே இது எபிரெயருடைய பிள்ளை என்று தெரிந்துகொண்டாள். 'பெற்றோர் தெரியவில்லை' என்று எழுதி வைக்கவில்லை. பாலூட்ட ஆள் தேடியபோது வந்தவள் பெற்ற தாயே. அவளுக்குச் சம்பளமும் கொடுத்தாள் அந்த இளவரசி. வேதாகமக் காலத்து அரண்மனைத் தத்து ஒன்று, வெளிநாட்டுத் தத்துகளுக்கான 1993-ன் ஹேக் உடன்படிக்கைக்குப் பிறகு முத்திரைமேல் முத்திரையாக நடந்த பல தத்துகளைவிட யோக்கியமாக இருக்கிறது. பார்வோனுக்கும் பிழைக்கத் தெரியவில்லை, பாவம். நதியில் போடச் சொன்ன பிள்ளையைக் கரையேற்றி நன்கொடை ரசீது எழுதலாம் என்ற யோசனை அவனுக்கு வரவில்லை.

2009-ல் அமெரிக்காவின் தென்னக பாப்டிஸ்ட் மாநாடு, குடும்பங்கள் தத்தெடுக்க முன்வரவேண்டும் என்று தீர்மானமே போட்டது. உலகில் 14.7 கோடி அனாதைகள் என்று பனியனில் அச்சடித்து விற்று, அந்தக் காசில் தத்துச் செலவைச் சமாளித்தார்கள். யுனிசெஃப் கணக்கில் தாய் தகப்பனில் ஒருவர் போனாலே அனாதை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மிஞ்சிய தாயிடமோ பாட்டி வீட்டிலோ வளர்கிறார்கள். 95 சதவீதம் பேர் ஐந்து வயதைத் தாண்டியவர்கள். இதையெல்லாம் எழுத பனியனில் இடம் போதவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாத விசுவாசமும் உண்டு. 2010 ஜனவரி 12-ல் ஹைட்டியில் நிலம் நடுங்கியது. மாதம் முடிவதற்குள் ஐடஹோவிலிருந்து போன பாப்டிஸ்ட் குழு ஒன்று 33 பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு டொமினிகன் எல்லைக்கு வந்துவிட்டது. உரிய தாள் எதுவும் கையில் இல்லை; தேவசித்தம் இருந்தது. பிடித்து விசாரித்தால், 33 பிள்ளைகளுக்கும் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்.

நமக்கும் இது அயலூர்ச் சங்கதி அல்ல. வடசென்னைக் குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, போலித் தாய்களின் ஒப்புதலோடு ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போய்ச் சேர்ந்தது 2005-ல் அம்பலமானது. அவர்களில் ஒரு பிள்ளையைப் பெற்றவர்கள் நெதர்லாந்து நீதிமன்றம் வரை போய் மரபணுச் சோதனை கேட்டார்கள். கிடைக்கவில்லை.

சீனக் கதைக்கு வருவோம். 2020-ல் கொரோனாவைக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களுக்கு அதற்குள் பிள்ளை இன்னார் என்று முடிவாகியிருந்தது. இந்த முறை பெரும்பாலும் இதயக் கோளாறோ உடற்குறையோ உள்ள பிள்ளைகள். உள்ளூரில் எடுத்துக்கொள்ள ஆள் வராதவர்கள். படத்தைக் காட்டி 'இது உன் அம்மா, இது உன் அப்பா' என்று சொல்லப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. நான்கு வருஷம் இரண்டு பக்கமும் காத்தார்கள். 2024 செப்டம்பர் 5-ல் வெளியுறவுச் செய்தித் தொடர்பாளர் மாவோ நிங் நாலு வரியில் முடித்தார்: நெருங்கிய இரத்த உறவும் மறுமணத்தால் வரும் பிள்ளையும் தவிர, இனி வெளிநாட்டுத் தத்து கிடையாது. வீடு இருந்த பிள்ளைகளைத் தூக்கிக் கொடுக்க முப்பது வருஷம் திறந்திருந்த கதவு, வீடே இல்லாத பிள்ளைகள் வாசலில் நின்றபோது மூடிக்கொண்டது. குவாத்தமாலாவும் எத்தியோப்பியாவும் முன்பே மூடிவிட்டன. அமெரிக்காவுக்குப் பிள்ளை அனுப்புவதில் இப்போது இந்தியாவும் கொலம்பியாவும் முன்வரிசை. ஜெபக்குறிப்பில் நாட்டின் பெயரை மட்டும் திருத்தினால் போதும்.

மாவோ நிங் அன்றைக்கு நன்றியும் சொன்னார். சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்த வெளிநாட்டுக் குடும்பங்களின் அன்புக்கு நன்றியாம். 1,60,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அதே அரசு 2021-ல் மூன்று பிள்ளை பெறலாம் என்றது. 2025-ல் மூன்று வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷம் 3,600 யுவான் உதவித்தொகை என்றது. அபராதம் கட்டமுடியாமல் பிள்ளையைப் பறிகொடுத்த லோங்ஹுய்த் தாய் எந்த ஜன்னலில் மனுக் கொடுப்பாள்? கொடுத்தாலும் தள்ளுபடிதான். மகளுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, அவளைக் கைவிட்டதாகக் கோப்பிலேயே எழுதியிருக்கிறதே.