முழங்காலைத் தயார் செய்யுங்கள், சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,



ஏப்ரலில் கொரியாவுக்கு வருவது என்று முடிவாகிவிட்டதாகவும், சியோலைத்தான் பார்க்கவேண்டும் என்று சித்தி ஒற்றைக்காலில் நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சித்தி பார்க்கும் தொடர்களில் வரும் அந்தப் பளபளப்பான பையன்கள் யாரும் சியோல் தெருக்களில் எதிரே வருவதில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் பூசானுக்கு வாருங்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதரைக் கொரியா வரை கூட்டிவந்து, கடல் இல்லாத ஊரைக் காட்டி அனுப்பினால் நம் தெற்குத் தெருவில் என் மரியாதை என்னாவது?

பூசான் இந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். 30 லட்சத்துக்கு மேல் ஜனம். இருபதடிக் கணக்கில் வருஷத்துக்கு 2 கோடிக்கும் அதிகமான கன்டெய்னர்களைக் கையாளும் துறைமுகம். நீங்கள் வேலியோரம் நின்று கிரேன்களை எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள் என்று தெரியும். அதற்கு ஒரு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்கக்கூடாது.

நான் வேலை செய்யும் கோஜே தீவிலிருந்து பூசானுக்கு 2010-இல் ஒரு வழி திறந்தார்கள். கொஞ்ச தூரம் பாலம், கொஞ்ச தூரம் கடலுக்கு அடியில் சுரங்கம். சுரங்கத்தின் ஆழமான இடம் 48 மீட்டர். தலைக்கு மேல் கப்பல் போகிறதே என்று நான் முதல் தடவை முனியசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது பஸ்ஸில் மற்ற எல்லோரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரைப் பார்க்கக் கண் போதாது, முழங்கால் வேண்டும். கொரியப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் இங்கே ஓடிவந்தார்கள். சமதரை கிடைக்காமல் மலைச்சரிவுகளில் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டார்கள். அந்த மேடுகளில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். மொட்டை மாடிகளில் நீலத் தண்ணீர்த் தொட்டிகள். மேலே போகிற ரோடும் கீழே இருக்கிற வீட்டின் மொட்டை மாடியும் ஒரே மட்டத்தில் இருப்பதால் காரைக் கொண்டுபோய் மாடியில் நிறுத்துகிறார்கள். காம்ச்சொன் என்ற பகுதிக்கு வண்ணம் அடித்துச் சுற்றுலா இடமாக்கிவிட்டார்கள், புகைப்படம் எடுக்க வரிசையில் நிற்கவேண்டும். எனக்குப் பிடித்தது சோர்யாங் பக்கம்தான். அங்கே 168 படிகள் ஒரே செங்குத்தாக ஏறுகின்றன. பாதியில் நான் நுரை தள்ளி உட்கார்ந்திருந்தபோது, முள்ளங்கிக் கட்டோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில் என் வயதைக் கேட்டார். அடுத்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இல்லை என்றதும் உச்சுக்கொட்டிவிட்டு ஏறினார். சித்தி இங்கே அந்நியமாக உணரவே மாட்டார்.

வயது என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே பிறந்த உடனே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என்று கணக்கு வைத்திருந்தார்கள். டிசம்பர் கடைசி நாளில் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது! 2023 ஜூனில் அரசாங்கம் சட்டம் போட்டு நம்மைப்போல எண்ணச் சொல்லிவிட்டது. ஒரே நாளில் நாடு முழுவதற்கும் வயது குறைந்தது. சித்திக்கு இதை அவசியம் சொல்லவும்.

ஜகல்ச்சி மீன் சந்தையில் உங்களை விட்டால் பிறகு போலீஸை வைத்துத்தான் தேடவேண்டும். கீழே தொட்டிகளில் மீனெல்லாம் உயிரோடு நீந்தும். நீங்கள் கைகாட்டினால் கடைக்கார அம்மா கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார். வாங்கியதை மாடிக்கு எடுத்துப்போனால் அங்கே அறுத்துத் தருவார்கள். சமைத்து அல்ல, பச்சையாக. பேய்க்கணவாயை வெட்டித் தட்டில் வைத்த பிறகும் அது நெளிந்துகொண்டிருக்கும். நன்றாக மெல்லாவிட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு அது வேண்டாம். மிச்சமான தலையையும் முள்ளையும் போட்டுச் சிவக்கச் சிவக்க ஒரு குழம்பு வைப்பார்கள், அதைச் சொல்லுங்கள். காரம் சரியாக இருக்கும். புளி எங்கே என்று கேட்பீர்கள். புளி கிடையாது. அங்கே சத்தம் போடக்கூடாது.

சாப்பாட்டைப் பற்றி வேறு கவலை வேண்டாம். சோறு மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வரும். கரண்டி எவர்சில்வர், குச்சியும் எவர்சில்வர். தொட்டுக்கொள்ள வைக்கும் கிம்ச்சி வகையறாக்களை எத்தனை முறை கேட்டாலும் காசில்லாமல் நிரப்புவார்கள். பரிமாறுகிற அம்மா கத்தரிக்கோலோடு நெருங்கினால் பதறாதீர்கள், நூடுல்ஸை வெட்டத்தான். வடக்கிலிருந்து வந்த அகதிகள் தங்கள் ஊர்க் குளிர்ந்த நூடுல்ஸுக்கு வேறு மாவு கிடைக்காமல் நிவாரணமாக வந்த கோதுமை மாவில் செய்தார்களாம். இன்றைக்கு அதுதான் பூசானின் பெருமை. சாப்பிட்டு முடித்த குப்பையைப் போடத் தெருவில் தொட்டி தேடாதீர்கள். வீட்டுக் குப்பைக்கே காசு கொடுத்துப் பை வாங்கவேண்டிய நாடு இது. 1995-இலிருந்து அப்படித்தான். நான் சட்டைப் பையில் வாழைப்பழத் தோலோடு பலமுறை வீடு திரும்பியிருக்கிறேன்.

சித்தியிடம் படித்துக் காட்டவேண்டாத பகுதி இது. தோங்னே என்ற இடத்தில் பழங்காலம் தொட்டு வெந்நீர் ஊற்று உண்டு. பொதுக் குளியல் கூடம். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. துண்டு, வேட்டி, கோவணம் எதுவும் அனுமதி இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். திறந்தபோது எதிரே எங்கள் செக்‌ஷன் மேனேஜர். இந்த ஊர் வழக்கப்படி அவர் இடுப்பை வளைத்து வணக்கம் சொன்னார். நானும் பதிலுக்கு வளைந்தேன். மேற்கொண்டு விவரிப்பதற்கில்லை. அங்கே ஒருவர் சொரசொரப்பான துணியைக் கையில் மாட்டிக்கொண்டு நம்மைப் பலகையில் கிடத்தித் தேய்ப்பார். தூத்துக்குடி உப்புக்காற்று மொத்தமும் உரிந்து வரும். வெளியே வந்தால் உடம்பு பஞ்சு. நீங்கள் அவசியம் போகிறீர்கள்; நான் வாசலில் காத்திருக்கிறேன்.

சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு யொங்தோ பாலத்துக்குப் போகிறோம். 1934-இல் கட்டிய தூக்குப் பாலம். 1966-இல் தூக்குவதை நிறுத்தி, 2013-இல் மறுபடி ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் வானத்தைப் பார்த்து நிற்கும். போரில் பிரிந்த குடும்பங்கள், "பிழைத்துக் கிடந்தால் யொங்தோ பாலத்தில் பார்ப்போம்" என்று சொல்லிப் பிரிந்தார்களாம். பூசானில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அது. தேடி வந்தவர்களுக்கு நாள் பார்த்துச் சொல்லப் பாலத்தடியில் ஜோசியர்கள் வரிசையாகக் கடை போட்டார்கள். 1914-இலேயே நம் பாம்பன் பாலம் கப்பலுக்கு வழிவிட்டதை அங்கே நிற்கிற கொரியர்களுக்கு நீங்கள் விளக்குவீர்கள். நான் மொழிபெயர்க்க மாட்டேன். வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள்: 1950 நவம்பரில் இந்தியாவின் ராணுவ மருத்துவப் பிரிவு ஒன்று பூசானில்தான் வந்திறங்கியது. அதன் தலைவர் ஆற்காடு ரங்கராஜ் என்ற டாக்டர், நம் ஆள். பின்னால் மகாவீர் சக்ரா வாங்கியவர்.

ஹேயுண்டே கடற்கரையையும் கண்ணாடி மாடிக் கட்டடங்களையும் சாயங்காலம் ஒரு நடை பார்த்தால் போதும். சியோல்காரர்கள் அதற்காகத்தான் இங்கே வருகிறார்கள், பாவம்.

விசாவுக்குச் சென்னையிலேயே விண்ணப்பிக்கலாம், தாமதிக்கவேண்டாம். இறங்கவேண்டிய விமான நிலையம் கிம்ஹே. வரும்போது புளி இரண்டு கிலோ, கருப்பட்டி, ஒரு டப்பா மக்ரூன். மாம்பழம் கொண்டுவராதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். கருவாடும் வேண்டாம், ஜகல்ச்சிக்குப் பக்கத்திலேயே அதற்குத் தனிச் சந்தை இருக்கிறது. நாளையிலிருந்து தினமும் மாடிப்படி ஏறி இறங்குங்கள். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லுங்கள், நான் லீவு சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்